பெரியப்பாவின் படம், கோட்டுப் பையில் பேனாவோடு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய போட்டோக்களைச் சரிசெய்து பிரேம் போட்டுத் தரும் ஒரு சின்ன ஸ்டுடியோவைப் பற்றி எழுதுகிறேன். 12-க்கு 18 சைஸ் பிரிண்ட், தேக்குச் சட்டம் எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். வேலை நன்றாக வந்தது, ஆனால் இரண்டாவது தடவையில்தான்.

படத்தில் இருப்பவர் என் அப்பாவின் மூத்த அண்ணன். அந்தப் பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்திலும் பாலக்காடு சென்னை மாகாணத்திலும் இருந்த காலம் அது. பாலக்காட்டில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தார். நாளெல்லாம் லெட்ஜர் எழுத்து. போர் வந்ததும் ராணுவ சப்ளைப் பிரிவில் சேர்ந்தார், அங்கேயும் கணக்கு எழுதத்தான். 1945-ல் பர்மாவில் மெய்க்டீலாச் சண்டையின்போது இறந்தார். வயது 23. உடல் கிடைக்கவில்லை. யாங்கூனுக்கு வடக்கே தாவ்க்யானில், கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்களோடு அவர் பெயரும் போர் நினைவிடத் தூணில் இருக்கிறது. இந்த விவரம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கிடைத்தது, கட்டணம் இல்லை. தேடுகிறவர்கள் பெயரின் ஸ்பெல்லிங்கை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள்.

வீட்டில் இருந்தது ஒரே படம், வங்கியில் சேர்ந்தபோது எடுத்தது. எத்தனையோ எடவப்பாதி மழை பார்த்து, கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஸ்டுடியோக்காரர் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும் என்று சொல்லி, அப்படியே ஸ்கேன் செய்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரிடம் தைரியமாகக் கொடுக்கலாம்.

முதல் பிரிண்டில் முகம் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது. கோட்டுப் பையில் இருந்த பேனாவைக் கீறல் என்று நினைத்து அழித்துவிட்டார்கள். எனக்கு மனசே சரியில்லை. யூனிஃபார்ம் போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டார், பலர் விரும்புவார்களாம். வேண்டாம், அவர் கிளார்க்காகவே இருக்கட்டும் என்றேன். ஸ்கேனைப் பெரிதாக்கிப் பேனாவைக் காட்டியதும் முகம் சுளிக்காமல் திரும்ப உட்கார்ந்தார். கூடுதல் காசு வாங்கவில்லை. நாலு நாள் ஆனது.

கொடுக்கும்போதே எதெல்லாம் கறை, எதெல்லாம் படம் என்று சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு இப்போது 91. படத்தைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரல் அந்தப் பேனாவுக்குத்தான் போனது. “ஞாயித்துக்கிழமை ஆனா வெந்நீர்ல கழுவித் திண்ணையில காயவைப்பார். எங்களைத் தொட விடமாட்டார்” என்றார்.