மூணு கிராஃப்ட் பீர் குடிச்சு பாத்தேன்

மொதல்ல கோதுமை பீர், அதான் ஹெஃபெவைசன், கிளாஸ்ல ஊத்தினதும் வாழைப்பழமும் கிராம்பும் சேந்த மாதிரி வாசனை, எசென்ஸ் எதுவும் கலக்கல, எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலைதான், அடில தங்குற ஈஸ்டையும் பாட்டில லேசா சுத்திவிட்டு ஊத்திக்கோங்க. ஐபிஏ, அதான் ஹாப்ஸ்ங்கிற வாசனைப் பூவ நிறைய போட்டு பண்ற கசப்பு பீர், அதுதான் ஏமாத்திடுச்சு. கசப்பு இருக்கு, ஹாப்ஸ் வாசனை சுத்தமா போயிடுச்சு, லேபிள பாத்தா பாட்டில்ல அடைச்சு 8 மாசம் ஆச்சு, வாங்குறப்போ தேதி பாக்காத என்னைய சொல்லணும். ஸ்டவுட்ட, அதான் நல்லா வறுத்த பார்லில பண்ற கருப்பு பீர, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த உடனே குடிச்சப்போ வெறும் கருகல் தண்ணி, சரின்னு வெளிய வெச்சுட்டு ஜில்லுனு இருந்தது அடங்கி 10-12 டிகிரிக்கு வந்தப்புறம் குடிச்சா காபி, டார்க் சாக்லேட்னு ஒவ்வொண்ணா வருது பாருங்க, இது மட்டும் இன்னொரு தடவ வாங்குவேன்.