மூன்றாவது செயின்

போன வாரம் என் பைக்குக்கு செயினும், அது ஓடும் பல்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட் செட்டும் மாற்றிவிட்டு வந்த அன்றைக்கே கூட வேலை பார்க்கும் நண்பன் கேட்டான்: "இதே வண்டியை நானும் எடுக்கலாமாலே?" என் சட்டைப் பையில் ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு பில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேட்டது அவனுடைய கெட்ட நேரம். சிசி, எடை, மைலேஜ் எல்லாம் என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், வீடியோ பார்த்துப் பார்த்து மனப்பாடம். ஐந்து வருடத்தில் 46,000 கிலோமீட்டர் ஓட்டியவன் சொல்ல வேண்டியது வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வீடு பாளையங்கோட்டை, மாமனார் வீடு நாகர்கோவில். ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வள்ளியூர் தாண்டினாலே வலது பக்கத்திலிருந்து காற்று தள்ள ஆரம்பிக்கும். பழைய 125 சிசி வண்டியில் போகும்போது, ஒரு லாரி நம்மைக் கடந்து முடிகிற நொடிதான் பயம். அதுவரை லாரி மறைத்திருந்த காற்று பளாரென்று அறையும், வண்டி அரை அடி தள்ளிப் போகும். காவல்கிணற்றில் திரும்பி முப்பந்தல் வந்தால் நேர் எதிர்க்காற்று. மேலே காற்றாலைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். இந்த வண்டி அங்கே எருமை மாதிரி போகிறது. காற்று அடிக்கும், லேசாகத் தலையை ஆட்டும், தன் பாட்டுக்கு நடக்கும். பின்னால் இருக்கும் மனைவி ஒருமுறை தோளில் சாய்ந்து தூங்கியே விட்டாள். பெட்ரோல் பங்கில் எழுப்பினால், "அதுக்குள்ள வந்தாச்சா?" என்கிறாள். அன்றைக்கு வண்டிக்குத் திருஷ்டி சுற்றிப் போடலாம் போல இருந்தது.

எஞ்சின் இதுவரை மக்கர் செய்ததில்லை. சீட், லைட், பிரேக் எல்லாம் சரி. இனி செயின்.

500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மழையில் போனால் அதற்கும் முன்னால். 46,000-ஐ 500-ஆல் வகுத்துப் பாருங்கள், 92. அத்தனை தடவை எங்கள் வாசலில் குந்தியிருக்கிறேன். அது வேலையே இல்லை, டபுள் ஸ்டாண்டு இருந்தால். இந்த வண்டிக்கு அது கிடையாது. எடை குறையுமாம், மேடு பள்ளத்தில் அடிவயிறு தட்டாதாம். சரி. எடை குறைந்தும் 200 கிலோ இருக்கிறதே, அதை யார் தூக்கிப் பிடிப்பது?

சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கைக்கு எட்டும் செயினுக்கு எண்ணெய் விட்டு, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி ஸ்டாண்டு போட்டு, மறுபடி குந்தி... பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால்தான் செயின் ஒரு முழுச்சுற்று வரும். அதாவது வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகர வேண்டும். எங்கள் வாசல் நாலு மீட்டர். ஆகவே ஒவ்வொரு முறையும் பாதிச் செயின் வாசலில், மீதிச் செயின் தெருவில். எதிர்வீட்டு அண்ணாச்சி தவறாமல் கேட்பார்: "என்ன தம்பி, ஸ்டார்ட் ஆகலையா?" ஐந்து வருடமாக இதே கேள்வி.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டும் வாங்கிப் பார்த்தேன். ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறு கையால் ஸ்டாண்டை அமுக்க வேண்டும். இரண்டாவது வாரமே ஒரு பக்கம் நழுவியது. வண்டி நிதானமாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துணி துவைக்கிற கல் மேல் போய்ச் சாய்ந்தது. வண்டியின் பக்கவாட்டில் மாட்டிய பெட்டி நெளிந்தது, இண்டிகேட்டர் உடைந்தது, ஒரு வாளி நசுங்கியது. அம்மா வாளியைப் பற்றித்தான் ஒரு மாதம் பேசினாள்.

இப்போது என் முறை இதுதான். வண்டியை சைடு ஸ்டாண்டு பக்கமாக இன்னும் கொஞ்சம் சாய்ப்பேன், பின்சக்கரம் தரையிலிருந்து எழும்பும். மகன் ஓடிவந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் வலது பக்கத்துக்கு அடியில் அளவாக வெட்டிய கட்டையை முட்டுக் கொடுப்பான். அப்புறம் சக்கரத்தைக் கையால் சுற்றலாம். கையால் மட்டும்தான். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். துடைக்க டீசல் போதும். பெட்ரோல் பட்டால் செயினுக்குள் இருக்கும் ஓ ரிங் ரப்பர் கெட்டு, உள்ளே அடைத்த கிரீஸ் வெளியே வந்துவிடும். எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு, ராத்திரியே விட்டுவிட வேண்டும். காலையில் விட்டு உடனே கிளம்பினால் எண்ணெய் பாதி ரிம்மில், பாதி மனைவியின் சேலையில்.

செயினின் தொய்வு, அதாவது நடுவில் மேலும் கீழும் ஆட்டினால் அது அசையும் தூரம், என் வண்டிக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர். இரண்டு விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் செயினை வீணைத் தந்தி மாதிரி இறுக்கிக் கொடுத்தார்கள். "இனி சத்தமே வராது சார்." ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கினால் செயின் இன்னும் இறுகும், பேரிங்கை இழுக்கும். வீட்டுக்கு வந்து நானே தளர்த்தினேன். அன்றிலிருந்து வேறு ஆள் கையைச் செயினில் படவிடுவதில்லை.

அப்படியிருந்தும் இரண்டாவது செயினைக் கொன்றது நான்தான். தூத்துக்குடி, சாயல்குடி வழியாக ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓட்டினேன். இரண்டு பக்கமும் கடல், அருமையான சாலை, ஊர் திரும்பிய அலுப்பு. நாலு நாள் கழுவவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் செயின் துருப்பிடித்துச் செம்பருத்தி நிறத்தில் இருக்கிறது, சங்குப்பொடி மாதிரி உப்பு ஒட்டியிருக்கிறது. துடைத்தேன், எண்ணெய் விட்டேன், சில கண்ணிகள் மடங்கவே மறுத்தன. அதற்கப்புறம் மெதுவாகப் போகும்போது 'கடக் கடக்'. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின் விளிம்பில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது. அதற்கு மேல் வைத்தியம் இல்லை.

1975-இல் வந்த ஹோண்டா கோல்டு விங் பைக்கிலேயே செயின் கிடையாது, பின்சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் என்னும் இரும்புத் தண்டுதான். அந்த வண்டிக்காரன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வான் என்று யோசித்திருக்கிறேன். தூங்குவான்.

எனவே நண்பனுக்கு என் பதில், வாங்காதே. காற்றில் நிற்கும், முதுகு வலிக்காது, எஞ்சின் தொல்லையில்லை, எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதே. இன்று இப்படித்தான் சொல்வேன். அடுத்த மாதம் நாகர்கோவில் போய்விட்டு வந்தபின் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும், அதனால் அப்போது கேட்காதே. மீறி எடுப்பதாக இருந்தால், வெளியில் டபுள் ஸ்டாண்டு வாங்கி மாட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோ. உன் வாசல் என் வாசலைவிடச் சின்னது. கட்டை கொடுக்க என் மகனை அனுப்ப மாட்டேன்.