இழுத்த நூடுல்ஸா, சீவிய நூடுல்ஸா?

சீனாவின் லான்சோவில் காலையிலேயே மாட்டிறைச்சி நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். பிசைந்த மாவைக் கையால் இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பார்கள். தலைமுடி போல மெல்லியதா, பெல்ட் போல அகலமா என்று நாமே கேட்டு வாங்கலாம். தெளிந்த சூப், வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ் என ஐந்தும் இருந்தால்தான் அது அசல்.

ஷான்சி மாகாணத்துச் சீவல் நூடுல்ஸ் வேறு ரகம். கெட்டி மாவுருண்டையை ஒரு கையில் ஏந்தி, வளைந்த தகட்டுக் கத்தியால் கொதிநீருக்குள் நேராகச் சீவித் தள்ளுவார்கள். நடுவில் தடித்து ஓரம் மெலிந்த துண்டுகள். மென்று தின்னவே சுகம். மேலே அந்த ஊர்ச் சோள வினிகர்.

சூப்புக்கு லான்சோதான், சரி. வீட்டில் செய்வதென்றால் நான் சீவலைத்தான் எடுப்பேன். இழுக்கக் கை பழகுவது லேசில்லை.