தார் ரோட்டு மேல் கான்கிரீட் போட்ட கதை

இந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனதில் மற்றதெல்லாம் பரவாயில்லை, ரோட்டைப் பற்றி மட்டும் புலம்பியே ஆகணும். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் பழைய தார் ரோட்டின் மேலேயே கான்கிரீட் போட்டார்கள். நான் இருப்பது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில். அங்கே கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரோடுகள் பலவற்றுக்கும் இதே வைத்தியம்தான், தேய்ந்த தாரை முழுசாகப் பெயர்க்காமல் அதையே அடித்தளமாக வைத்து மேலே கான்கிரீட். அதனால் முதலில் எனக்குச் சந்தோஷம்.

வேலையிலும் குறை சொல்ல முடியாது. போட்ட அன்று ராத்திரியே மிஷினை வைத்துக் கட்டம் கட்டமாகக் கீறிவிட்டார்கள், அப்பாவுக்குத் தூக்கம் போனது. நேரத்துக்குக் கீறாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு விரிசல் விடும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீரும் தேக்கி வைத்தார்கள்.

ஆனால் உயரம்! தாத்தா காலத்தில் வாசலில் மூன்று படி இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு அடுக்கு தார் ஏறி இரண்டை விழுங்கிவிட்டது, மிச்சம் இருந்த ஒன்றும் இப்போது இந்த அரையடிக் கான்கிரீட்டில் போச்சு. மேஸ்திரியிடம், "தம்பி, பழைய தாரைக் கொஞ்சம் சுரண்டிட்டுப் போடலாமே?" என்றேன். "அது எஸ்டிமேட்லயே இல்ல சார்." பழையதைச் சுரண்டித்தான் புதுசு போடணும், மட்டம் ஏறக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் துறைகளுக்கு எழுதியாச்சு, அது எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து சேரவில்லை போல.

அயோவாவிலும் ரோடு உயரத்தான் செய்யும். ஓரத்தில் மண்ணையும் ஜல்லியையும் அடித்துச் சரிக்கட்டிவிடுவார்கள், அதைத் தாண்டி சோளக்காடு, வீடு எங்கேயோ உள்ளே. இங்கே ரோடு முடிகிற இடத்தில் திண்ணை.

ஐப்பசி மழை பிடித்தது ஒரு சாயங்காலம். சாக்கடை நிரம்பி, தெருத் தண்ணீர் மொத்தமும் நிலைப்படி தாண்டி ரேழிக்குள் வந்தது, பட்டாசுக் காகிதம், ஒரு ஒற்றைச் செருப்பு எல்லாம் சேர்த்து. அம்மா கோணிப்பையை மடித்து அணை கட்டிக்கொண்டே, "உங்க ஊர்லயும் இப்படித்தானாடா போடுவாங்க?" என்று என்னைத் திட்டினாள்.

கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். நிலைப்படியை உயர்த்தலாம், ஆனால் தேக்குக் கதவை அடியில் அரையடி அறுக்கணும் என்கிறார். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.