பதிவேடா, வீட்டு வாசலா?

குடும்ப மருத்துவ ஆய்வில் சாதி, வசிப்பிட ஏற்றத்தாழ்வை அளக்க விரும்பும் சென்னை மாணவர்கள் கிளினிக் பதிவேட்டைப் புரட்டுவதா, வீடு வீடாகப் போய்க் கேட்பதா என்ற இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

செலவு: பதிவேடு மலிவு. வாசலுக்கு ஆள் வேண்டும், ஆட்டோ காசு வேண்டும்.

விடுபடுபவர்கள்: விஷயமே இங்கேதான். பதிவேட்டில் கிளினிக்குக்கு வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். நகருக்குள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடம்மாற்றப்பட்டவர்களில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர் அதில் இல்லை.

சாதி: பதிவேட்டில் பெரும்பாலும் இருக்காது. வாசலில் கேட்கலாம், தனியாக, காரணம் சொல்லி, சம்மதத்தோடு. அப்புறம், பதிலை மரபணுவோடு முடிச்சுப் போட வேண்டாம்; பாகுபாட்டைத்தான் அளக்கிறோம். அமெரிக்காவில் இனத்தை அப்படி உடற்கூறாகவே எண்ணிச் சிறுநீரகச் செயல்பாட்டுக் கணக்கில் சேர்த்திருந்தார்கள்; அதைத் தவிர்த்த புதிய சூத்திரம் 2021இல்தான் வந்தது!

வந்தவர்களுக்குள் முகவரிவாரியாகச் சிகிச்சை மாறுகிறதா என்று பார்க்கப் பதிவேடு போதும். யாருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்பது கேள்வியானால் வாசல்தான். ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள்.