பைண்ட் 9, பதினோரு வருஷம்: இன்னும் அந்தப் புள்ளிதான்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "எங்க ஆபீஸ்லயே டிஎன்எஸ் சர்வர் வைக்கலாம்னு இருக்கோம். நீங்க வருஷக்கணக்கா பைண்ட் வச்சிருக்கீங்களே, போடலாமா?" டிஎன்எஸ் என்பது இணையப் பெயர்களுக்கு எந்த சர்வர் என்று பதில் சொல்லும் ஏற்பாடு; அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் பைண்ட். பதில் சொல்ல யோசித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது வேகமோ பாதுகாப்போ இல்லை. ஒரு புள்ளி.

சோன் ஃபைலில், அதாவது ஒரு டொமைனின் பெயர்களுக்கான பதில்களை எழுதி வைக்கும் ஃபைலில், ஒரு பெயரின் கடைசியில் புள்ளி வைக்காவிட்டால், அது முழுப்பெயர் என்று எடுத்துக்கொள்ளப்படாது. நம் டொமைன் பெயர் அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். இதில் பைண்டைக் குற்றம் சொல்ல முடியாது. 1987இல் வந்த டிஎன்எஸ் விதி ஆவணமான ஆர்எஃப்சி 1035 வகுத்த எழுத்துமுறையே அப்படித்தான். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு ஃபோன் அடிக்கும்போது அந்த நியாயம் மனசில் நிற்பதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளி விற்பனை தொடங்குவதற்கு முந்தின இரவு. ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் பக்கத்தை வேறு சர்வருக்கு மாற்ற ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் ஒரே ஒரு சிநேம் வரியைத் திருத்தினேன். சோன் ஃபைலைச் சோதிக்கும் நேம்டு-செக்சோன் கருவியை ஓட்டினேன், 'ஓகே' என்றது. பைண்ட் ஃபைலை மறுபடி படிக்க ரீலோடு கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் அழைத்தார், பக்கம் திறக்கவில்லை. டிஎன்எஸ் பதிலைக் கேட்டுக் காட்டும் டிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், புது சர்வரின் பெயருக்குப் பின்னால் எங்கள் டொமைனும் ஒட்டி நீளமாக நிற்கிறது. அப்படி ஒரு பெயரே கிடையாது, ஆகவே 'இப்படி ஒரு பெயர் இல்லை' என்னும் என்எக்ஸ்டொமைன் பதில். செக்சோன் பிடிக்காததற்குக் காரணம், இலக்கணப்படி அந்த வரியில் பிழையே இல்லை. இதுதான் எனக்கு ஆறாத கோபம்.

புள்ளியை வைத்து மறுபடி ரீலோடு கொடுத்தேன். அவசரத்தில், சோன் மாறியதைக் காட்டும் சீரியல் எண்ணை ஏற்றவில்லை. நான் திருத்திய பிரைமரி சர்வர் சரியான பதில் சொல்ல, அதிலிருந்து நகலெடுக்கும் இரண்டு செகண்டரிகளும் பழைய தப்பையே சொல்லிக்கொண்டிருந்தன. சிலருக்குத் திறக்கிறது, சிலருக்கு இல்லை. இங்கே பைண்டை மெச்சியே ஆகவேண்டும்: சீரியல் மாறவில்லை, செகண்டரிகளுக்குப் போய்ச் சேராமல் போகலாம் என்று லாகில் அப்போதே எழுதி வைத்திருந்தது. அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது.

அதன் பிறகும் முடியவில்லை. ஒரு பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400. பயனர்களுக்காகப் பெயர் கேட்டுச் சொல்லும் ரிசால்வர் சர்வர்களில், தப்பான பதிலை வாங்கி வைத்தவை ஒரு நாள் வரை அதையே சொல்லும். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டு பொது ரிசால்வர்களிலும் கேச்சைக் காலிசெய்யத் தனிப் பக்கம் உண்டு, செய்தேன். மற்றவற்றுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இப்போதெல்லாம் மாற்றத்துக்கு முந்தின நாளே டிடிஎல்லை 300ஆகக் குறைத்துவிடுகிறேன்.

2009 அக்டோபரில் ஸ்வீடனின் .எஸ்இ சோனிலும் இதே கதைதான். ஒரு ஸ்கிரிப்ட் கடைசிப் புள்ளியைப் போடாமல் விட்டதில், ஒரு நாட்டின் டொமைன்கள் மொத்தமும் முடங்கின. அதைப் படித்தபோது ஆறுதல் வரவில்லை, வயிற்றைப் பிசைந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். செக்சோனுக்கு மைனஸ் டி (-D, பெரிய எழுத்து) கொடுத்தால் எல்லாப் பெயரையும் முழுசாக விரித்துக் காட்டும். இரட்டித்த டொமைன் பளிச்சென்று கண்ணில் படும். இலக்கணப் பிழையுள்ள ஃபைலை ரீலோடு செய்தாலும், பைண்ட் பழைய சோனை வைத்தே பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அதுவும் போய், 'பதில் சொல்ல முடியவில்லை' என்னும் சர்வ்ஃபெயில்தான். இத்தனை வருஷத்தில் தானாக ஒருநாளும் பைண்ட் படுத்ததில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நண்பரிடம் வேண்டாம் என்றேன். அவர் ஆபீஸில் சர்வர் வேலை தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

நான் மாறப்போவதில்லை. இன்று காலைகூட ஒரு சோனைத் திருத்தினேன். மைனஸ் டி போட்டு, வரிவரியாகக் கடைசி எழுத்துவரை விரல் வைத்துப் பார்த்த பிறகே ரீலோடு கொடுத்தேன்.