'ஃபுல் சர்வீஸ் முடிஞ்ச வண்டி' என்றார்கள்: மலைப்பாதைக்கு வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஓங்கி வளர்ந்த மரங்களுக்கு நடுவே மலையேறி இறங்கக் கிளம்புகிறவர்கள், சாவியை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'ஃபுல் சர்வீஸ் முடிஞ்சது, தைரியமா ஓட்டலாம்' என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கார். ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறக்கத்தில் அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள் வந்த இடத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டது. முதலில் இரண்டாம் கியர், பிறகு ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத்தான் வண்டி நின்றது. திருப்பிக் கொடுத்தபோது பெடல் கல் போல இறுக்கமாக இருந்தது. 'பிரேக் நல்லாத்தானே இருக்கு' என்று கைவிரித்துவிட்டார்கள்.

இந்தக் கோளாறின் குணமே அதுதான்: ஆறினால் தடயம் இருக்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் சூடேறி, பிரேக் பேடை அதன்மேல் அழுத்தும் காலிபரில் உள்ள ஆயில் கொதித்து ஆவியாகும். மிதிக்கிற அழுத்தமெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். இந்த வண்டியில் பிரேக் பேட் புதுசு, ஆயிலோ கறுத்த பழசு. கண்ணில் படுவதை மட்டும் மாற்றிவிட்டு 'சர்வீஸ்' என்று சொல்வது அப்பட்டமான ஏமாற்று.

பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்ற வேண்டாம்; வெளியிலிருந்தே நிறம் தெரியும். இளமஞ்சள் என்றால் பரவாயில்லை, கறுப்பு என்றால் அந்த வண்டி வேண்டாம். நிறம் நன்றாக இருந்தாலும் ஆயில் மாற்றிய தேதியுள்ள பில்லைக் கேளுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரத்தில் தயாரான டயர். காட்டு நிழலில் ரோடு காயாமல் பாசியும் ஈர இலையுமாகக் கிடக்கும். ரப்பர் இறுகிப்போன பழைய டயர் அங்கே வழுக்கும்.

இறங்கும்போது நியூட்ரல் கூடவே கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது '2'. பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளையும், விரிசலும் விடலாம்.

ஆயில் டப்பாவையும் டயர் எண்ணையும் வண்டி எண் தெரியும்படி அங்கேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின் பேச அது ஒன்றுதான் மிஞ்சும்.